பலாப்பிஞ்சுக் குழம்பும் நான்காவது டேக்கும்

நெய்வேலியில் என் பெயரைத் தெரிந்தவர்களைவிட நான் தின்றதைப் பார்த்தவர்கள் அதிகம். மெயின் பஜாரில் காய் வாங்க நிற்பேன். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்பார்.

"ஏங்க, அந்த சீரியல்ல மருமவ வச்ச கோழிக்கொழம்ப சட்டியோட கவுத்துக்கினு தின்னது நீங்கதானுங்களே?"

நான்தான் என்பேன்.

"பாத்துக்கினு இருந்த எங்களுக்கே பசி எடுத்துடுச்சுங்க" என்று சிரிப்பார். அப்போது என் கையில் கத்தரிக்காயும் ஒரு கட்டு முளைக்கீரையும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு என்னா, சுகரா?" என்று விசாரித்தவர்களும் உண்டு.

முப்பது வருஷத்துக்கு மேல் சினிமாவிலும் டிவியிலும் சின்ன வேஷங்கள் செய்திருக்கிறேன். கதாநாயகனுக்கு மாமன், பெண்ணுக்கு அப்பா, ஏட்டு, பஞ்சாயத்துத் தலைவர், இரண்டு முறை கறிக்கடைக்காரர். எந்த வேஷமாக இருந்தாலும் கதையில் எங்கேயாவது ஓர் இடத்தில் எனக்கு இலை போட்டுவிடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே வைவது, சாப்பிட்டுக்கொண்டே அழுவது, சாப்பிட்டுக்கொண்டே உயிரை விடுவது, எல்லாம் செய்திருக்கிறேன். சாப்பாட்டு சீன் என்றால் நெய்வேலிக்காரரைக் கூப்பிடு என்று மேனேஜர்கள் சொல்லுவார்களாம்.

நானும் என் வீட்டுக்காரியும் கல்யாணமான வருஷத்திலிருந்து புலால் தொடாதவர்கள். வடலூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த ஜோதியை நம்பி, அந்த வழியிலேயே நடந்து போய்விடுவது என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தது. டவுன்ஷிப்பில் எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் நடத்துகிறோம். பஜாருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு. வேறு ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் கான்ட்ராக்ட் ஆட்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தவர்கள், யார் வந்தாலும் உட்காரலாம். குடித்துவிட்டு வந்தவனையும் உட்கார வைத்துத்தான் போடுவோம். பசித்தவனிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கரண்டி பிடிக்கிறவருக்கு மட்டும் ஒரு விதி உண்டு. இந்த வழிக்கு வந்த பிறகு அவர் வாயில் புலால் போயிருக்கக் கூடாது.

நான் சொல்ல வந்தது இந்தக் கரண்டியைப் பற்றித்தான்.

நான் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட் தொழிலாளியாக இருந்தேன். பத்தாவதோடு படிப்பு நின்றுபோன எனக்கு அது கடவுள் கொடுத்த வேலை. ரிக்ரியேஷன் கிளப்பில் பொங்கலுக்கு நாடகம் போடும்போது வேஷம் கட்டுவேன். ஒரு முறை மைன்ஸ் மண்மேட்டில் சண்டைக் காட்சி எடுக்க ஒரு சினிமா கம்பெனி வந்தது. ஃபோர்மேன் வேஷத்துக்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள், நான் போனேன். ஒரே ஒரு வசனம். அது படத்தில் வரவே இல்லை. மதியம் அங்கேயே ஒரு லாரி நிழலில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். நிமிர்ந்தால் டைரக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அந்த ஆளு சாப்பிடறதப் பாருய்யா" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "தயிர்சாதத்தையே கல்யாணச் சாப்பாடு மாதிரி சாப்பிடறாரு."

நான் எப்போதும் அப்படித்தான் சாப்பிடுவேன். சேத்தியாத்தோப்பில் என் சின்ன வயசில் வயிறு நிறையச் சாப்பிட்ட நாட்களை எண்ணிவிடலாம். அந்தப் பழக்கம் போகவில்லை. அவருக்கு அது நடிப்பாகத் தெரிந்திருக்கிறது.

ஆறு மாதம் கழித்து செக்‌ஷன் ஆபீஸுக்கு போன் வந்தது. கல்யாண வீட்டில் பிரியாணி தின்றுகொண்டே சம்பந்தியை வையும் மாமன் வேஷம். லீவு போட்டுவிட்டு ஓடினேன். இலையில் பிரியாணி வந்து விழுந்த பிறகுதான் புத்தி வந்தது. உதவி டைரக்டரைக் கூப்பிட்டு, "தம்பி, நான் கறி சாப்பிடுறதில்ல" என்றேன்.

"யாரு சார் சாப்பிடச் சொன்னது? மெல்லுங்க, கட் சொன்னதும் துப்பிடுங்க. கீழ பக்கெட் இருக்கு பாருங்க" என்றார். எட்டிப் பார்த்தேன், இருந்தது.

சாப்பாட்டுக் காட்சி எடுக்கும் முறை அப்படித்தான். ஒரே கவளத்தைப் பத்து முறை எடுக்க வேண்டியிருக்கும். பத்து முறையும் விழுங்கினால் யார் வயிறு தாங்கும்? அதனால் கட் என்றதும் பக்கெட்டில் துப்பிவிட்டு, இலையை முன்போலவே நிரப்பி, முதலிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு மெல்லுவதற்கே மனம் வரவில்லை. கெஞ்சிக் கேட்டு, வெறும் சோற்றில் மஞ்சள் கலந்து, வதக்கிய கத்தரிக்காயைத் துண்டாகப் போட்டுச் சாப்பிட்டேன். டைரக்டர் எடுத்து முடித்தார். கிளம்பும்போது, "கத்தரிக்காய கறின்னு எத்தினி நாளைக்குங்க ஏமாத்தறது? கடிச்சு இழுக்கணும்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து, இனிமேல் கூப்பிட மாட்டார்கள் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் காடாம்புலியூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்பு பிறந்த வீட்டில் கறி சமைத்த கை.

"கறி மாதிரி இருக்கணும், கறியா இருக்கக் கூடாது. அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"அதுக்கு ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வந்தீங்க? எங்க அண்ணன் தோப்புல இல்லாத பலாப்பிஞ்சா?"

அப்படித்தான் தொடங்கியது. பிஞ்சைத் தோல் சீவிப் பெரிய துண்டாக வெட்டி, மஞ்சள் போட்டு அரை வேக்காடு வேகவைப்பாள். துணியில் கட்டித் தண்ணீரைப் பிழிந்து எடுப்பாள். பிறகு நார் போகும் வாக்கில் கையால் கிழித்து, மிளகும் சோம்பும் அரைத்த மசாலாவில் ஊறவைத்து வறுப்பாள். பல்லால் கடித்து இழுத்தால் நார் நாராக வரும். எலும்புக்குக் கரும்பு. விரல் நீளத் துண்டைச் சீவி, அதைச் சுற்றிப் பிசைந்த பலாப்பிஞ்சை அப்பி, எண்ணெயில் பொரித்தால் கோழிக்கால். மீன் வேஷத்துக்கு வாழைக்காய். பலா இல்லாத மாதங்களில் சேனைக்கிழங்கோ காளானோ இருக்கும். ஐந்தடுக்கு டிபன் கேரியரில் அடைத்து, மூடிக்கு மேல் துண்டைக் கட்டி, பஸ் ஏற்றி அனுப்புவாள். முதல் முறை அதை நான் கேமரா முன்னால் கடித்து இழுத்தபோது, கட் சொன்ன டைரக்டர் எழுந்து வந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மிச்சம் இருந்ததை யூனிட்டே தின்றுவிட்டது.

பக்கெட் எனக்குத் தேவைப்படவில்லை. அவள் சமைத்ததைத் துப்ப மனம் வராது. பத்து டேக் என்றால் பத்து டேக்கும் விழுங்குவேன். அதனால்தான் நான் சாப்பிடுவது மற்றவர்கள் சாப்பிடுவது போல இல்லாமல் நிஜமாக இருக்கிறது என்று ஒரு கேமராமேன் சொன்னார். ஷாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி ஜோதியை நினைத்துக்கொள்வேன். வீட்டில் இலைக்கு முன் செய்வதுதான். "அப்பா மூடுக்குப் போறாரு, சத்தம் போடாதீங்க" என்று சீரியலில் எனக்கு மகளாக நடிக்கிற பெண்கள் மற்றவர்களை அடக்குவார்கள். நானும் அதைத் திருத்தியதில்லை.

வேலையையும் விடவில்லை. ஷிப்ட் மாற்றிக்கொள்ள நண்பர்கள் இருந்தார்கள். அவர்களின் தீபாவளி, பொங்கல் ஷிப்ட்டை நான் பார்ப்பேன், என் ஷூட்டிங் நாளை அவர்கள் பார்ப்பார்கள். ஷிப்ட் மாற்றிக் கேட்கப் போனாலே, "என்னாப்பா, இந்த வாட்டி ஆடா கோழியா?" என்று பெல்ட் சத்தத்தையும் மீறிக் கத்துவார்கள்.

டிவி சீரியல்கள் பெருகிய காலத்தில், வீட்டுக்கு வீடு என் முகம் தெரிந்தது. அப்போதுதான் சங்கத்தில் முதல் பிரச்சினை வந்தது. சங்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பவர் ஹவுஸில் ஃபிட்டராக இருந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாம்பார் வாளியைத் தூக்கப் போனேன். அவர் வந்து வாளியின் காதைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் தம்பி. நேத்து டிவியில பாத்தேன்லா."

"என்னத்த அண்ணாச்சி?"

"எலும்ப உறிஞ்சுதீரே, அதத்தான்."

"அது கரும்பு அண்ணாச்சி."

"கரும்பா? எலும்ப உறிஞ்சிட்டுக் கரும்புங்கீரு. எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் வாளியை விட்டுவிட்டேன். வீட்டில் சொன்னதும் வீட்டுக்காரிக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு கேரியர் நிறையக் குழம்பும் பத்துப் பதினைந்து கரும்புக் காலும் செய்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். நேராக அண்ணாச்சிக்கு முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி. நீங்களும் உறிஞ்சிப் பாருங்க."

அவர் மூடியைத் திறந்தார், பின்வாங்கினார். வாசம் அப்படி. "ஏ தாயி, இது சத்தியமா மரக்கறிதானா?" என்றார். கடைசியில் ஒன்றைக் கடித்தார். கண் விரிந்தது. இரண்டாவதை அவராகவே எடுத்தார். வந்திருந்தவர்கள் எல்லோரும் கை நீட்டினார்கள். அந்த ஆரவாரம் அடங்கியதும் அவள் கொட்டகையில் எரியும் ஜோதி விளக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. கல்யாணத்துக்கப்புறம் இவுரு வாயில கறி போனதில்ல, போவவும் போவாது. எங்க எது தின்னாலும் அது என் கையால செஞ்சது. இந்த ஜோதி மேல ஆணையா நான் சொல்றேன்."

அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. டிவியில் என்னைப் பார்த்துவிட்டு வெளியார் யாராவது முணுமுணுத்தால், அண்ணாச்சியே, "அந்தம்மா ஆணையிட்டுச் சொல்லியிருக்கு" என்று வாயை அடைத்துவிடுவார். நான் கரண்டி பிடித்தது அவள் வார்த்தையின் பேரில்.

ரிட்டயர் ஆனேன். மகளுக்கும் கம்பெனியிலேயே வேலை. அவள் பேரில் உள்ள குவார்ட்டர்ஸில் அவளோடு இருக்கிறோம். ரிட்டயர் ஆன பிறகு வாய்ப்புகள் அதிகமாயின. அப்படி வந்ததுதான் அந்தப் படம். புது டைரக்டர், கொஞ்ச வயசு. மகன் சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறான், அப்பன் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறான், மகன் செத்துப்போகிறான். காரியம் முடிந்து கறிச்சோறு ஆக்கும் நாளில் அப்பன் முதல் முறையாக அந்த வீட்டுக்குப் போகிறான். மருமகள் குறை ஒன்றும் சொல்லாமல் இலை போட்டுக் கறிக்குழம்பு ஊற்றுகிறாள். அவன் சாப்பிடுகிறான், இரண்டு கவளம் போனதும் உடைந்துபோகிறான். அவ்வளவுதான் என் வேஷம். வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுக்க வேண்டும் என்றார் அந்தத் தம்பி. முப்பது வருஷத்தில் என் முகத்துக்கு முன்னால் கேமராவை அவ்வளவு நேரம் யாரும் வைத்ததில்லை.

மாசி மாதம், பிஞ்சு நன்றாக வரும் காலம். வீட்டுக்காரி நிறையவே செய்து கொடுத்திருந்தாள். மூன்று டேக் போனது. முதலில் லைட் சரியில்லை, பிறகு மருமகளாக நடித்த பெண் வசனத்தை மறந்தாள், மூன்றாவதில் எனக்கே அழுகை வரவில்லை. நான்காவதுக்கு முன்னால் குழம்புச் சட்டி காலி. நிரப்பி வரச் சொன்னார்கள். என் கேரியர் செட்டுக்குப் பின்னால் சமையல்காரர்கள் பாத்திரத்தோடு இருந்தது. அன்று யூனிட்டுக்கு ஆட்டுக்கறி. அவசரத்தில் யாரோ அங்கிருந்து மொண்டு வந்துவிட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டும் பார்க்க ஒன்று போல இருக்கும், அப்படித்தானே வீட்டுக்காரி செய்தாள்.

முதல் கவளத்தைக் கடித்ததும் தெரிந்துவிட்டது. கறியின் ருசி மறக்கிற ருசி அல்ல, சின்ன வயசில் தின்றிருக்கிறேன். கை இலையில் அப்படியே நின்றது. கண்ணை உயர்த்தினால் எதிரே அந்தப் பெண். என் கை நின்றதை நான் நடிப்பதாக நினைத்து அவள் அழத் தொடங்கியிருந்தாள். மூன்று டேக்கில் வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. எழுந்திருந்தால் ஷாட் போய்விடும். துப்பினாலும் போய்விடும். அடுத்த வசனம் என்னுடையது. விழுங்கினால்தான் பேச முடியும்.

விழுங்கினேன். இரண்டாவது கவளத்தையும் எடுத்தேன். அதுதான் நான் சொல்ல வேண்டியது. முதல் கவளம் தெரியாமல் வாய்க்குள் போனது, இரண்டாவதைத் தெரிந்தே எடுத்தேன். பிறகு அழுகை வந்தது. எதற்காக அழுதேன் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் சொல்ல முடியாது.

கட் சொல்லவே அந்தத் தம்பி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு ஓடிவந்து என் காலைத் தொட்டார். நான் செட்டுக்குப் பின்னால் போய் வாய் கொப்பளித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு வரும் வழியில் குள்ளஞ்சாவடியில் பஸ் நின்றபோது இறங்கி, ஒரு சின்னக் கோயில் குழாயில் இன்னொரு முறை கொப்பளித்தேன். அதனால் என்ன ஆகப்போகிறது?

வீட்டில் கேரியரைக் கழுவிக்கொண்டே வீட்டுக்காரி கேட்டாள். "எப்பிடிப் போச்சு? கொழம்பு பத்துச்சா?"

"பத்துச்சு."

படம் வந்தது. தியேட்டரில் அதிக நாள் ஓடவில்லை. டிவியில் போட்டபோது ஊரே பார்த்தது. பத்திரிகைகளில் அந்த ஒரு காட்சியைப் பற்றி எழுதினார்கள். மகள் அதை செல்போனில் படித்துக் காட்டினாள். டிவியில் அந்த இடம் வரும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் ஹாலில்தான் இருந்தார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். என் வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி சொன்னாள். "அதுல இருக்கறது என் கொழம்புடி. இவுரு அழுவறது பாதி என் மொளவாலதான்."

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு கொட்டகையில் கரண்டி பிடிக்கவில்லை. தோள்பட்டை வலி என்றேன். இலை எடுப்பேன், அண்டா கழுவுவேன், பாய் விரிப்பேன். அண்ணாச்சி தைலம் கொடுத்தார், வாங்கிப் பூசிக்கொண்டேன். ஏழு வருஷம் அப்படியே ஓடியது. அவள் தொடர்ந்து சமைத்துக் கொடுத்தாள், நானும் நடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் விளக்கேற்றும்போது அவள் என் பக்கத்தில் நின்று கும்பிடுவாள். அவள் ஆணையிட்டது அந்த விளக்கின் மேல் அல்ல, கொட்டகை விளக்கின் மேல். ஆனால் ஜோதி ஒன்றுதானே.

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு சங்கத்தின் ஆண்டு நாள். அதற்குப் பத்து நாள் முன்பு அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். வயசாகிவிட்டது, கைத்தடி வைத்திருந்தார். உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

"தம்பி, உமக்கு ஒரு பொன்னாடை போத்தலாம்னு எல்லாரும் சொல்லுதாவ. முப்பது வருசமா கறி திங்குத வேசம் கட்டியும் வாயில புலால் படாம இருந்தீரு. இளவட்டங்களுக்குச் சொல்லணும்லா. தங்கச்சியும் மேடையில உம்ம பக்கத்துல நிக்கணும். அன்னைக்கு ஆணையிட்ட மாதிரி ரெண்டு வார்த்தை சொல்லட்டும்."

"அதுக்கென்ன அண்ணாச்சி, சொல்றேன்" என்று அவள் காப்பி கொண்டு வந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

ஏழு வருஷம் நான் பேசாமல் இருந்தது என் பாடு. அவளை மேடையேற்றிப் பொய்ச் சத்தியம் செய்ய வைப்பது வேறு. மறுநாள் காலை, மகள் வேலைக்குப் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். அவள் தரையில் அருவாமணை போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பிஞ்சு நறுக்கினாள், பால் ஒட்டாமல் இருக்க. அடுத்த வாரம் எனக்கு ஒரு சீரியல் இருந்தது. எதிரில் உட்கார்ந்து சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன், இரண்டாவது கவளத்தையும்.

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஒரு பிஞ்சு முடிந்தது. பிறகுதான் கேட்டாள்.

"படத்துல வந்தது எந்த டேக்கு?"

"நாலாவது."

"அப்ப என் கொழம்பு ஒண்ணுமே படத்துல இல்ல."

"இல்ல."

"ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருந்தேனே" என்றாள். "என் கொழம்பு, என் கொழம்புன்னு. எதிர்வூட்டுக்காரிக்குச் செஞ்சுகூடக் குடுத்தேனே, அந்தப் படத்துல வந்த மாதிரியே இருக்கான்னு. நீங்க பாத்துக்கினே இருந்தீங்களே."

கறி தின்றதற்குத்தான் அழுவாள் என்று நினைத்திருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எண்ணெய்க் கையோடு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கொஞ்சம் கழித்து எழுந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"நான் போய்ச் சொல்றேன் அண்ணாச்சிகிட்ட" என்றேன்.

"நீங்க என்னாத்த சொல்றது? ஆணை வச்சது நானு. நான்தான் திருப்பி எடுக்கணும். சட்டையைப் போடுங்க."

அண்ணாச்சி வீடு இரண்டு பிளாக் தள்ளி. நடந்தே போனோம். அவர் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, நான் அன்னிக்கு ஜோதி மேல சொன்னது இப்ப பொய்யாப் பூடுச்சு. இவுரு ஒருதடவ கறி தின்னுட்டாரு. தெரிஞ்சு ஒரு வா தின்னாரு. பொன்னாடை வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"எப்பம்?"

"ஏழு வருசமாச்சு."

"அப்போ தோள்பட்டை?"

"வலியில்ல அண்ணாச்சி."

"தைலம் வாங்கிப் பூசினீரே!" என்றார். அவருக்கு அதுதான் தாங்கவில்லை போலிருக்கிறது. பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "சொல்லாம இருந்தா ஒருத்தனுக்கும் தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றாள் அவள்.

பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான். "விதி விதிதான். கரண்டி வேண்டாம். திங்குததுக்கு நம்ம எடத்துல எவனுக்கும் தடை கிடையாது. ஞாயித்துக்கெழம வந்து பந்தியில இரும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் மீதி இருந்த பிஞ்சுகளைப் பொரியல் செய்தாள். மசாலா போடவில்லை, தேங்காய்தான். தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள். "இனிமே ஷூட்டிங்குக்கு நான் செஞ்சு தர மாட்டேன். கோவத்துல சொல்லல. கை வரல."

அன்றே மேனேஜருக்கு போன் செய்து அந்த சீரியலுக்கு வர முடியாது என்று சொன்னேன். "சாப்பாடு சீன் இல்லாத வேஷம் இருந்தா கூப்பிடுங்க" என்றேன். அவர் சிரித்தார். "சார், சாப்பிடாத உங்கள நான் யார்கிட்ட போய் விக்கிறது?" என்றார். இதுவரை கூப்பிடவில்லை. கூப்பிடாமலும் போகலாம். முப்பது வருஷம் போதுமான காலம்தான்.

ஆண்டு நாளில் பொன்னாடை இல்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு என் வீட்டுக்காரியே பதில் சொன்னாள். சிலர் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அது அவர்கள் பக்கம் நியாயம்.

மதியம் பந்தியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கொட்டகையில் நான் உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது, எல்லோரும் போன பிறகு நின்றபடி சாப்பிடுவதுதான் வழக்கம். பாய் சிமென்ட் தரையில் சில்லென்று இருந்தது. பக்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி, சட்டையெல்லாம் கரித்தூள். என்னைப் பார்த்தார், திரும்பி வாசல் பக்கம் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"சார், இது ஷூட்டிங்குங்களா? கேமராவக் காணோமே."

"இல்லப்பா. சாப்பாடுதான்."

சாம்பார் வாளியோடு என் வீட்டுக்காரி எங்கள் வரிசைக்கு வந்தாள். அவருக்கு ஊற்றினாள், எனக்கு ஊற்றினாள். அந்த மனுஷனுக்கு ஆர்வம் அடங்கவில்லை.

"ஆயா, இவுரு டிவியில கறி தின்றவருதான?"

"ஆமாம்ப்பா. எல்லாம் பலாப்பிஞ்சு. ஒருதடவ மட்டும் நெசமாவே தின்னாரு" என்றாள். "நீ சோத்தக் கொஞ்சம் குழி பண்ணு, சாம்பார் ஓடிக்கினு இருக்குது பாரு."

அவர் குழி செய்தார். நானும் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்கினேன்.